தேமாவா, ஒய்வாவா, ருஸ்காவா: ஃபின்லாந்தில் தட்டு வாங்கப் போனால்

சித்தி மகள் ஒருத்தி, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் எஸ்போவுக்குக் குடிவந்திருக்கிறாள். ஹெல்சின்கியை ஒட்டிய ஊர். பெட்டியில் வந்த நான்கு எவர்சில்வர் தட்டு, ஒரு குக்கர், ஒரு இட்லிப் பானை தவிர சமையலறையில் ஒன்றும் இல்லை. கட்டிலும் மெத்தையும் வந்து சேர்ந்த மறுநாளே போன் பண்ணினாள். “அண்ணே, இந்த ஊர்ல டிசைன் டிசைன்னு சொல்றாங்களே, நல்லதா ஒரு டின்னர் செட் வாங்கலாம்னு இருக்கோம். எதை வாங்கட்டும்?”

“வாங்கு, ஆனா செட்டா வாங்காதே” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாக இங்கே வருகிற மற்றவர்களுக்கும் உதவும்.

நான் வந்த புதிதில் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு பெரிய கடையில் தள்ளுபடியில் பூப்போட்ட செட் ஒன்று வாங்கினேன், ஆறு பேருக்கு. இரண்டு குளிர்காலம் தாண்டுவதற்குள் ஆறு தட்டு நான்காகிவிட்டது. ஒன்று என் கையிலிருந்தே நழுவியது. இன்னொன்று விளிம்பில் சில்லு விட்டு, கழுவும்போது விரலைக் கீற ஆரம்பித்தது. அதே பூவைத் தேடிப் போனால், அந்த மாதிரியை நிறுத்தி ஒரு வருடமாகிவிட்டது என்றார்கள். மிச்சமிருந்த நான்குக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டுக்கு இரண்டு பேர் சாப்பிட வந்தால் மேசையில் இரண்டு தட்டு மட்டும் அந்நியமாக உட்கார்ந்திருக்கும்.

இந்த எரிச்சலை எழுபது வருடத்துக்கு முன்பே ஒருவர் யோசித்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் பெயர் காய் ஃப்ராங்க். ஹெல்சின்கியில் 1873-ல் தொடங்கிய அராபியா பீங்கான் தொழிற்சாலையில், போர் முடிந்த 1945-ல் வேலைக்குச் சேர்ந்தவர். ஃபின்லாந்து கரேலியாவின் பெரும்பகுதியை சோவியத் யூனியனிடம் இழந்து, அங்கிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூட்டை முடிச்சோடு மற்ற ஊர்களுக்கு வந்து சேர்ந்திருந்த நேரம் அது. வீடுகள் சின்னவை, அலமாரிகள் அதைவிடச் சின்னவை. அப்படிப்பட்ட வீட்டில் சூப்புக்கு ஒரு தட்டு, மீனுக்கு ஒரு தட்டு, இனிப்புக்கு ஒன்று, குழம்பு ஊற்ற மூடியோடு ஒரு பாத்திரம் என்று பூவும் பொன்கரையும் போட்ட பெரிய செட் எதற்கு?

1953-ல் அவர் வடிவமைத்த கில்தா வரிசை கடைக்கு வந்தது. வட்டம், சதுரம், செவ்வகம், அவ்வளவுதான் வடிவம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கி அடுக்கு நிற்கும். அடுப்பிலிருந்து எடுத்து நேரே மேசையில் வைக்கலாம். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறங்கள். எதையும் எதோடும் சேர்க்கலாம். முக்கியமானது, ஒற்றை ஒற்றையாகவே வாங்கலாம். இந்த மாதம் இரண்டு தட்டு, சம்பளம் வந்ததும் ஒரு கிண்ணம். பால் ஊற்றி வைக்க ஒரு ஒல்லியான ஜாடியும் உண்டு. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், இரட்டைக் கண்ணாடிச் சன்னலின் நடுவே இருக்கும் சந்தில் நிற்க வேண்டும் என்பதற்காக அந்த ஒல்லி. இந்த ஜாடியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் ‘ஃபின்லாந்து டிசைன்’ என்று கடைக்காரர்கள் சொல்வதில் எது சரக்கு, எது ஜிகினா என்று எனக்குப் பிடிபட்டது. எதுவுமில்லாத வீட்டின் கணக்கு அது.

ஆகவே நான் வைத்துக்கொண்ட உரைகல் ஒன்றே ஒன்று: இது உடைந்தால், ஐந்து வருடம் கழித்து இதே போல் இன்னொன்று ஒற்றையாகக் கிடைக்குமா? அழகு, பெயர், விலை எல்லாம் அப்புறம்.

முதலில் தேமா. யாப்பிலக்கணம் படித்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் ஃபின்னிஷ் உச்சரிப்பு கிட்டத்தட்ட அதேதான். ‘கருப்பொருள்’ என்று அர்த்தம். புளிமா இன்னும் வரவில்லை. கில்தாவை 1970-களின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். 1981-ல் ஃப்ராங்கே அதைத் திருத்தி, பழைய மண்பீங்கானுக்குப் பதில் இன்னும் கெட்டியாக வெந்த பீங்கானில் தேமா என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார். இன்று ஈத்தலா என்ற நிறுவனத்தின் பெயரில் விற்கிறார்கள். மைக்ரோவேவ், ஓவன், ஃப்ரீசர், பாத்திரம் கழுவும் இயந்திரம், எதில் வைத்தாலும் தாங்கும். வெள்ளை நிறம் எப்போது போனாலும் கிடைக்கிறது. மற்ற நிறங்கள் வரும், போகும். எனவே நீலமோ பச்சையோ கண்ணைப் பறித்தாலும் அடிப்படையாக வெள்ளையை வாங்கிவிட்டு, நிறத்தை ஒரு கிண்ணம், ஒரு கப் என்று ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நம் சாப்பாட்டுக்கு எந்த அளவு? கடையில் முதலில் கண்ணில் படுவது 26 சென்டிமீட்டர் தட்டையான தட்டு. தோசை, சப்பாத்திக்கு அது சரி. சாதம் பிசைந்து சாப்பிடுபவர்களுக்கு 21 சென்டிமீட்டர் குழித்தட்டுதான் கைக்கு அடக்கம். விளிம்பு படுக்காமல் லேசாக நிமிர்ந்து நிற்கும். கடைசிக் கவளத்தை அதில் அணைத்து எடுக்கலாம், ரசம் ஓடாது. ஃபின்னிஷ்காரர்கள் அதில் சால்மன் சூப் குடிக்கிறார்கள். நான் நான்கு வருடமாக அதில்தான் மோர்சாதம் சாப்பிடுகிறேன், ஃப்ராங்க் நம்மை நினைத்துத்தான் வளைத்தாரோ என்று தோன்றும். 15 சென்டிமீட்டர் கிண்ணம் பொரியலுக்கும் பாயசத்துக்கும். இந்த மூன்று போதும். தட்டுக்கு அடியில் வைக்கும் தட்டு, முட்டை வைக்கும் குட்டிக் கிண்ணம் எல்லாம் வேண்டாம்.

குறையும் சொல்ல வேண்டும். விலை அதிகம். பெரிய தட்டு ஒன்றே இருபது யூரோவைத் தாண்டும். அந்தக் காசுக்கு ஐக்கியாவில் நான்கைந்து தட்டு வாங்கிவிடலாம். இன்னொன்று, ‘ஃபின்லாந்தில் செய்தது’ என்று நினைத்து வாங்காதீர்கள். ஹெல்சின்கியின் அராபியா தொழிற்சாலை 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பீங்கான் இப்போது தாய்லாந்து போன்ற இடங்களிலிருந்து வருகிறது. ஈத்தலா, அராபியா இரண்டும் 2007 முதல் ஃபிஸ்கார்ஸ் குழுமத்தின் கையில். ஊர்ப்பற்றில் வாங்குபவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை, தட்டின் வளைவு மாறவில்லை. ஆனால் உள்ளூர்க் கைவேலை என்ற எண்ணத்தில் யாருக்காவது பரிசு கொடுப்பதாக இருந்தால் பீங்கானை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பக்கம் போக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது மரிமெக்கோ என்ற ஃபின்லாந்து துணி நிறுவனத்தின் ஒய்வா. ‘அருமை’ என்ற மாதிரிப் பொருள். 2009-ல் சமி ருஓத்சலய்னென் வடிவமைத்த பாத்திர வரிசை, அதன்மேல் மரிமெக்கோவின் துணி அச்சு வடிவங்கள். தெரிந்த பெயர் உனிக்கோ, பெரிய பெரிய பாப்பிப் பூக்கள். 1951-ல் நிறுவனத்தைத் தொடங்கிய அர்மி ரத்தியா, “எங்கள் துணியில் பூ வேண்டாம்” என்று கறாராகச் சொல்லியிருந்தார். 1964-ல் அங்கே வடிவமைப்பாளராக இருந்த மய்யா இசோலா முறைத்துக்கொண்டு பூவாகவே வரைந்து தள்ளினார். அதில் ஒன்றுதான் உனிக்கோ. இன்று அந்த நிறுவனத்தை உலகுக்கு அடையாளம் காட்டுவதே அந்தப் பூதான். ரத்தியா தோற்றதில் நிறுவனம் ஜெயித்தது.

ஒய்வாவும் ஒற்றையாகக் கிடைக்கும். உனிக்கோவும் சட்டென்று நின்றுவிடாது. ஆனால் பூவின் நிறச்சேர்க்கை சீசனுக்குச் சீசன் மாறுகிறது. சிவப்பு உனிக்கோவில் ஆரம்பித்த வீட்டில் மூன்றாவது வருடம் ஒன்று உடைந்தால் கடையில் வேறு நிறத்தில்தான் இருக்கலாம். உரைகல்லில் பாதி மதிப்பெண். அதோடு, சாதமும் சாம்பாரும் பொரியலும் போட்ட தட்டில் அடியில் ஒரு பாப்பிப் பூ வேறு எதற்கு? நம் சாப்பாட்டிலேயே போதுமான நிறம் இருக்கிறது. இந்த வரிசையில் நான் வாங்கச் சொல்வது ஒரே ஒரு பொருள்: கைப்பிடி இல்லாத 2 டெசிலிட்டர் காப்பிக் குவளை. டம்ளரில் குடித்து வளர்ந்த கைக்கு உடனே பழகிவிடும். மைனஸ் பதினைந்தில் வெளியே போய்விட்டு வந்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால், கைப்பிடியே ஒரு தேவையில்லாத கண்டுபிடிப்பு என்று தோன்றும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது, ஆனால் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன்: பழைய அராபியா. ஃபின்னிஷில் கிர்ப்புத்தோரி என்பார்கள், பழைய சாமான் சந்தை. ஹெல்சின்கி ஹியெதலஹ்தி சதுக்கத்தில் கோடையில் வெயில் அடிக்கிற நாளில் போய்ப் பாருங்கள். தாத்தா பாட்டி வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் மேசை போட்டு, தட்டும் கிண்ணமும் பரப்பி வைத்திருப்பார்கள்.

அங்கே தேட வேண்டியது ருஸ்கா. இலையுதிர் காலத்தில் காடு முழுக்கச் சிவந்து பழுக்கும் நிறத்துக்கு இந்த ஊரில் ருஸ்கா என்று பெயர். உல்லா ப்ரொகோப்பே 1960-ல் வடிவமைத்தது. கற்பீங்கான், பழுப்பு மெருகு. சூளையில் வேகும் விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு தட்டிலும் பழுப்பு ஒவ்வொரு மாதிரி. ஒன்று வெல்லப் பாகு, இன்னொன்று கருகிய காப்பிக் கொட்டை. இதனால்தான் என் உரைகல்லில் ருஸ்கா சுலபமாகத் தேறுகிறது. அது எப்போதோ நின்றுபோன வரிசை, ஆனாலும் எந்த இரண்டும் ஒரே மாதிரி இல்லாததால் எங்கிருந்து எடுத்த தட்டும் மற்றதோடு பொருந்திவிடும். பல பத்தாண்டுகள் செய்தார்கள், வீட்டுக்கு வீடு இருந்தது, அதனால் சந்தைக்கு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. மஞ்சள் கறை, வத்தக்குழம்பு எதுவும் அந்தப் பழுப்பில் தெரியாது.

வாங்கும் முறை நமக்குப் புதிதில்லை. மண்சட்டி வாங்கும்போது அம்மா செய்வதைத்தான் செய்ய வேண்டும். தட்டை ஒரு கையின் விரல் நுனிகளில் ஏந்தி, மறு கை விரலால் விளிம்பில் சுண்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று நீண்டு ஒலித்தால் எடுங்கள். ‘டொக்’ என்று அமுங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. நான் முதன்முதலில் இப்படிச் சுண்டியபோது மேசைக்குப் பின்னால் இருந்த பாட்டி முதலில் முறைத்தார், அப்புறம் தானே ஒன்றை எடுத்துச் சுண்டிக் காட்டி, தலையாட்டி ஓரமாக வைத்தார். அது டொக். அடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து மெருகைப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால் சாப்பிட வேண்டாம், செடிக்கு அடியில் வைக்கலாம். பழைய கில்தா மண்பீங்கான் என்பதால் இதை அதில் கட்டாயம் பார்க்க வேண்டும். வெடிப்பு வழியே எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கினால் பிறகு எதற்கும் போகாது. தட்டைத் திருப்பினால் அராபியா முத்திரை இருக்கும். அதன் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால் வயதை ஓரளவு ஊகிக்கலாம். ஒரு முன்னெச்சரிக்கை, ரொம்பப் பழைய, பளீர் நிறப் பீங்கானில் புளி சேர்ந்த குழம்பை ஊற்றி இரவு முழுக்க வைக்காதீர்கள். அக்கால மெருகுகளில் என்னென்ன சேர்த்தார்கள் என்பதைச் சந்தை மேசையில் நின்று யாரும் சோதிக்க முடியாது.

பழையது யாருக்கு ஒத்துவராது? நேரம் இல்லாதவர்களுக்கு. எட்டு தட்டு சேர எனக்கு மூன்று கோடைகள் ஆயின. நாளைக்கே பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய வீட்டுக்கு அது சரிப்படாது. நடுவழி ஒன்று உண்டு. ஈத்தலாவின் தள்ளுபடிக் கடைகளில் இரண்டாம் தரச் சரக்கு விற்பார்கள், மெருகில் ஒரு புள்ளியோ சின்னக் குழியோ இருக்கும். சோறு போட்டால் மறைந்துவிடும். ஈத்தலாவே தன் பழைய பாத்திரங்களை வாடிக்கையாளர்களிடம் வாங்கி மறுபடி விற்றதும் உண்டு.

நான்காவது, ஐக்கியா வகையறா மலிவுத் தட்டு. இதை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். வேலை ஒப்பந்தம் இரண்டு வருடம்தான், அப்புறம் சென்னைக்கோ வேறு நாட்டுக்கோ என்றால், இதைவிட நியாயமான தேர்வு இல்லை. ஒற்றையாகவும் கிடைக்கிறது. ஃப்ராங்க் சொன்ன அதே பாடத்தைக் குறைந்த விலையில் விற்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

எவர்சில்வர்? உடையவே உடையாத அதற்கு என் உரைகல்லே செல்லாது. ஒரே சிக்கல், இந்த ஊரில் மதியச் சாப்பாடு பாதி நாள் மைக்ரோவேவிலிருந்து வருகிறது, அதில் எவர்சில்வரை வைக்க முடியாது. இன்னொன்று, பாத்திரம் காயவைக்கும் அலமாரி. இங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் தொட்டிக்கு மேலே ஒரு அலமாரி இருக்கும். கதவைத் திறந்தால் அடிப்பலகை கிடையாது, கம்பித் தட்டுகள்தான். கழுவிய தட்டை அப்படியே செருகிக் கதவை மூடிவிட்டால் நீர் தொட்டிக்குள் சொட்டிக் காய்ந்துவிடும். 1940-களில் மய்யு கெப்ஹார்ட் என்ற அம்மாள், வீட்டு வேலையை எளிதாக்க ஆராய்ச்சி செய்த அமைப்பில் இருந்துகொண்டு உருவாக்கியது. அஸ்தியன்குய்வவுஸ்காப்பி என்று பெயர். கடைசியில் வரும் ‘காப்பி’ நாம் குடிப்பதில்லை, அலமாரி. ஃபின்லாந்து வடிவமைப்பில் ஒன்றே ஒன்றைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் தட்டை விட்டுவிட்டு இந்த அலமாரியைத்தான் சொல்வேன். விஷயத்துக்கு வருகிறேன்: எங்கள் வீட்டு அலமாரியின் கம்பி இடைவெளி ஒல்லித் தட்டுக்கானது. செங்குத்தான விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்தத் தட்டு வாங்கினாலும் முதலில் உங்கள் வீட்டு அலமாரியின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்துகொண்டு போங்கள்.

கண்ணாடிக் குவளை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஈத்தலா என்பதே 1881-ல் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கிய ஒரு கிராமத்தின் பெயர். அய்னோ ஆல்தோ 1932-ல் வடிவமைத்த, நீரில் கல் விழுந்தாற்போல் வளையம் வளையமாக இருக்கும் குவளை இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஈரக்கையில் வழுக்காது, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுதான். ஃப்ராங்கின் கர்த்தியோ 1958-லிருந்து வருகிறது, வழவழவென்று அழகு. ஒய்வா தொய்க்காவின் கஸ்தெஹெல்மி, அதாவது பனித்துளி, 1964. (பாத்திர வரிசை ஒய்வாவுக்கும் இந்த ஒய்வாவுக்கும் சம்பந்தமில்லை.) அழுத்து வார்ப்பில் அச்சு சேரும் இடத்தில் விழும் கோட்டை மறைக்கத்தான் அவர் சுற்றிலும் துளித்துளியாக மணிகளைப் பதித்தார். குறையை மறைக்கப் போய் அதுவே அழகாகிவிட்டது. இந்தக் குவளைகள் எதிலும் கொதிக்கும் டீயை ஊற்றாதீர்கள், இவை சூடு தாங்கும் கண்ணாடி இல்லை.

பரிசு கொடுக்க உள்ளூர்ச் சரக்கு வேண்டும் என்றால் அல்வர் ஆல்தோவின் அலை வளைவு பூச்சாடி, 1936. ஈத்தலா கிராமத்தில் வாயால் ஊதிச் செய்வது. அதைத் தனக்காக வாங்குபவர்கள் குறைவு, கல்யாணத்துக்கும் வீடு குடிபுகுந்ததற்கும் யாராவது கொடுப்பார்கள். காத்திருங்கள், வரும். திமோ சர்பனெவாவின் 1960-ஆம் ஆண்டு வார்ப்பிரும்புப் பானையின் மரக் கைப்பிடியைக் கழற்றி, அதையே நெம்பியாக வைத்து மூடியைத் தூக்கலாம். பார்த்தால் ஆசை வரும். தூக்கிப் பார்த்தால் போய்விடும். குக்கர் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

கையில் காசே இல்லாத மாதத்தில் ஃபின்லாந்து டிசைன் வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஃபிஸ்கார்ஸின் ஆரஞ்சுக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1967-ல் முதல் மாதிரியைச் செய்தபோது, பழச்சாறு பிழியும் கருவிக்காக வார்த்த ஆரஞ்சு பிளாஸ்டிக் இயந்திரத்தில் மிச்சமிருந்தது, அதனால் வந்த நிறம். கறுப்பா ஆரஞ்சா என்று ஊழியர்களிடம் ஓட்டெடுத்தே முடிவு செய்தார்கள். பால் பாக்கெட்டும் கறிவேப்பிலைக் காம்பும் வெட்ட என் வீட்டில் அதுதான்.

சித்தி மகளுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு இதுதான்: வெள்ளைத் தேமா குழித்தட்டு நான்கு, தட்டைத் தட்டு நான்கு, கிண்ணம் ஆறு, எல்லாம் முடிந்தால் இரண்டாம் தரத்தில், அய்னோ ஆல்தோ குவளை ஆறு, எவர்சில்வர் தட்டுகளை மேல் அலமாரியில் வை, இலை போட்டுச் சாப்பிடுகிற மாதிரி நாளுக்கு எடு. அவள் சீட்டில் இருந்ததை எல்லாம் வாங்கினாள். கூடவே, நான் சொல்லாத ஒன்றையும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது எனக்கு முன்னால் கருகிய காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு ருஸ்கா தட்டை வைத்தாள். “சந்தைல மூணு யூரோ அண்ணே, சுண்டிப் பாத்துதான் வாங்கினேன்” என்றாள். நானும் ஒரு தடவை சுண்டிப் பார்த்தேன். டிங்.